சனிக்கிழமைக் குடிகாரர்

"அடுத்து நீங்க பேசுங்க சார். கூச்சப்படாதீங்க, இங்க இருக்கறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்," என்றார் ரிட்டயரான பஸ் டிரைவர்.

கண்ணாடிக்காரருக்குத் தொண்டை வறண்டது. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மதுவைக்கூடக் கண்டிராத தொண்டை அது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளிலிருந்து பதினோரு முன்னாள் குடிகாரர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரை இங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டது ஒரு கடிதம். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர், மிச்ச நேரமெல்லாம் நாவல் எழுதுபவர். ஆறு நாவல்கள் அலமாரி மேல் தூங்குகின்றன. ஏழாவதைப் படித்த பதிப்பாசிரியர் கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல் எழுதியிருந்தார்: 'உங்கள் குடிகாரனும் மற்ற நாவல்களில் வரும் குடிகாரர்களைப் போலவே தள்ளாடுகிறான், தத்துவம் பேசுகிறான், கடைசி அத்தியாயத்தில் இருமிச் சாகிறான். அவன் வீட்டில் இருப்பவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. நிஜக் குடிகாரர் யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?'

பார்த்ததில்லை. சனிக்கிழமை மாலை மனைவி தையல் வகுப்புக்குக் கிளம்பியதும் இவரும் கெட்ட பழக்கங்களை விடவைக்கும் மையம் ஒன்றுக்குக் கிளம்பிவிட்டார். மனைவி மூன்று வருடமாகத் தையல் கற்றுக்கொள்கிறாள், இன்னும் ஒரு பொத்தான் தைத்தபாடில்லை. அதைப் பற்றிக் கேட்க இவருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

மூலையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வரலாம் என்பதுதான் திட்டம். உள்ளே போக அட்டை வேண்டும், அட்டை வாங்கக் குடிகாரராக இருக்கவேண்டும் என்பது வாசலில்தான் தெரிந்தது. சரி என்று தலையாட்டி, மையத்தின் பெயர் மட்டும் அச்சடித்த அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது சொந்தக் கதை சொல்லியாக வேண்டும். குடியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தெரிந்ததெல்லாம் எழுத்துதான். நோட்டு என்று வருகிற இடத்தில் பாட்டில் என்று மாற்றிப் போட்டால் ஆயிற்று என்று ஆரம்பித்தார்.

"காலையில கண்ணு முழிச்சதும் கை அதைத்தான் தேடும். இன்னிக்கு கொஞ்சம் போதும்னுதான் தொடங்குவேன், அப்புறம் நிறுத்த முடியாது. வீட்டுல திட்டுவாங்கன்னு குளியலறையில பூட்டிக்குவேன். பிரிட்ஜுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன். மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்குக்கூட ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து... டாக்டர் வந்து மூணு தடவை கூப்பிட்டாராம். எனக்குக் கேக்கவே இல்லை."

பஸ் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கதையை அப்படியே சொல்லிட்டீங்க சார்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஏழு நாவல் எழுதியும் கிடைக்காத கைதட்டல். அடுத்த சனிக்கிழமை மனிதர் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தார்.

நான்காவது வாரம், துணியை வாஷிங் மெஷினில் போடுவதற்கு முன் சட்டைப் பையைத் தடவிய மனைவியின் கையில் அட்டை சிக்கியது.

"என்னங்க இது?"

இன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று நினைத்தார் கண்ணாடிக்காரர். ஆனால் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், கண் கலங்கியிருந்தது. "எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? யாரும் சொல்லாம நீங்களே போயிட்டீங்களே."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக இவள் நம்மைக் குடிகாரன் என்றா நினைத்துக்கொண்டிருந்தாள்? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதோ பாரு, எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. நாவலுக்குத் தகவல் சேகரிக்கப் போனேன், அவ்வளவுதான்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. "நாவலுக்கா?"

"சத்தியமா."

நம்பவில்லை போலிருக்கிறது என்று அத்தாட்சி காட்டினார். பிரிட்ஜை நகர்த்தி, பின்னாலிருந்து பதினான்கு நோட்டுகளை எடுத்து அவள் முன்னால் அடுக்கினார். "குடிக்கிறவன் கையால இத்தனை பக்கம் எழுத முடியுமா? நீயே சொல்லு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நல்லவேளையாகப் பதிப்பாசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. திருத்தி அனுப்பிய அத்தியாயங்களில் குடிகாரனுக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறதாம். கண்ணாடிக்காரர் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"படிச்சுப் பாரு. இன்னும் முந்நூறு பக்கம் கேக்கறார். இப்பவாவது நம்பறியா?"

"நம்பறேங்க," என்றாள் அவள். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினாள். "சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். விட்டுட்டேன்னு உங்க வாயால ஒரு வார்த்தை வரலைன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

"இல்லாததை எப்படிம்மா விடறது?"

அவள் புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். இருபது வருடம் கூடவே இருந்தவள். அவள் இல்லாத வீட்டை நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அந்த அழுகையைக் குறித்துவைக்கப் பேனா தேடினார் என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைக் கொட்டிவிட்டார். "என்னை மன்னிச்சிடுங்க. நான் வாழ்க்கையில குடிச்சதே இல்லை."

பதினோரு பேரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். பஸ் டிரைவர் தோளில் தட்டினார். "நானும் ரெண்டு வருஷம் இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க இனிமே வாரம் ரெண்டு நாள் வாங்க சார்."

விட்டால் போதும் என்று வெளியே வந்தார். வராந்தாவில் இரண்டு அறைக் கூட்டத்துக்கும் சேர்த்து டீ ஊற்றுகிற அம்மா பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தாள். வேறு கதி தெரியாமல் அவளிடம் போய், போனில் மனைவியின் படத்தை நீட்டினார்.

"நீங்களாவது வந்து, நான் குடிகாரன் இல்லைன்னு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்மா. இல்லைன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவா."

டீக்கார அம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "அட, இவங்களா? பக்கத்து ரூமுக்கு வர்றவங்களாச்சே. பழக்கத்தை விட முடியாதவங்களோட வீட்டு ஆளுங்க உட்கார்ந்து அழறதுக்குன்னு நடக்கற கூட்டம் அது. மூணு வருஷமா ஒரு சனிக்கிழமைகூடத் தவறினதில்லை."

தைக்காத பொத்தான் ஒன்று கண்ணாடிக்காரர் கண் முன்னால் வந்து போனது. "மூணு வருஷமாவா? என்னைக் குடிகாரன்னு மூணு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டா இருக்கா?"

"சேச்சே, அந்தம்மா வீட்டுக்காரர் ஒரு சொட்டுகூடத் தொடமாட்டாராம் சார்," என்றாள் டீக்கார அம்மா. "அவரு நாவல் எழுதறவராம்."