பதினான்காம் எண் கடையைப் பற்றிக் கேட்டவன்

அன்பு மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, ஆகவே நலம். உன் அக்கா உண்மையிலேயே நலம். நான்தான் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கல்லாவை விட்டு உள்ளே ஓடிவிடுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் கடையில் பேசினால் பக்கத்துக் கடைக்குக் கேட்கும், வீட்டில் பேசினால் உன் அக்காவுக்குக் கேட்கும். இரண்டில் எது ஆபத்து என்று உனக்கே தெரியும். அதனால் கிடங்கில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் வாளியின் மேல் பழி போடாதே. ஒரு கண்ணைக் கிடங்குக் கதவின் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு பெயின்ட் விஷயம் உனக்குத் தெரியும். ஒரு நாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் டேப்பும் பெயின்ட் டப்பாவுமாக நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என் கடைத் தூணில் டேப்பை வைத்தார்கள். "என்னங்க அளக்கறீங்க?" என்றேன். "ரோட்டை." "ரோடு அங்க இருக்கு. இது என் தூணு." "அதத்தான் அளக்கறோம்," என்று சொல்லிவிட்டு, தூணில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அம்பு ரோட்டைப் பார்த்து இருந்தாலாவது தூங்கியிருப்பேன். அது கடைக்கு உள்ளே பார்க்கிறது. தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று சலூனில் பேச்சு. மொத்தமாக இடிக்கப் போகிறார்கள் என்று பேக்கரியில் பேச்சு. என் கடை அகலம் உண்டே தவிர ஆழம் கிடையாது. பத்தடி போனால் எனக்கு மிஞ்சுவது பின்கதவும் அதன் தாழ்ப்பாளும்தான். தலைச்சுமையாகக் குடம் விற்று, பிறகு தள்ளுவண்டியில் வாளி விற்று, அப்புறம் எழுப்பிய கடை மச்சான் அது. திரும்பவும் வண்டி தள்ளு என்றால் முட்டி கேட்காது.

அப்போது நீதான் போனில் தைரியம் சொன்னாய். "அத்தான், எதுக்கு இப்படிப் பயந்து சாகறீங்க? தகவல் உரிமைச் சட்டத்துல நகராட்சிக்கு எழுதிக் கேளுங்க, குடுத்தே ஆகணும். ஏன் கேக்கறீங்கன்னு கேக்கக்கூட அவங்களுக்கு உரிமை இல்ல. என்ன வேணுமோ அதை மட்டும் தெளிவா ஒரு வரியில எழுதுங்க, போதும்." தங்கமான யோசனை. நீ ஒரு ஆபீசில் உட்கார்ந்திருப்பவன், உனக்குத் தெரியாததா. ஆனால் என்ன வேணுமோ அதை மட்டும் கேட்பது என் தொழிலில் கிடையாது மச்சான். மொத்த வியாபாரியிடம் போனால் முதலில் நாற்காலி விலை கேட்பேன், பிறகு மக்கு, பிறகு தண்ணீர்க் குழாய்; கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆமா, வாளி என்ன போடறே?" என்பேன். வாங்க வந்தது வாளிதான் என்று அவனுக்குத் தெரிந்தால் விலை ஏறிவிடும். அதே புத்தி இங்கேயும் வேலை செய்தது. என்னுடைய பதினான்காம் எண் கடையில் எத்தனை அடி போகும் என்று மட்டும் கேட்டால், "யாருடா இவன், எதையோ மறைக்கிறான்" என்று நேரே என் கடைக்கே டேப்போடு வருவார்கள் என்று பயந்து, தெருவிலுள்ள இருபத்து மூன்று கடைகளையும் பற்றிக் கேட்டுவிட்டேன். ஒவ்வொன்றின் நீளம், அகலம், என்ன அனுமதி, எவ்வளவு இடிபடும் எல்லாம். என் கடை நடுவில் ஒரு வரி. இங்கே எல்லோருக்கும் நான் வாளிக்காரர்தான். சான்றிதழில் இருக்கும் பெயர் உன் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரில், வீட்டு முகவரி போட்டு அனுப்பினேன். எப்படி என் சாமர்த்தியம் என்று அன்று ராத்திரி இரண்டு தோசைக்குப் பசி கூடுதலாக எடுத்தது என்று எழுதலாம். பயத்தில் அதுவும் எடுக்கவில்லை.

நீ எனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இன்னொருவரைப் பற்றிய விவரத்தைக் கொடுக்கும் முன்னால், உனக்கு ஆட்சேபனை உண்டா என்று அந்த இன்னொருவரையே கேட்டு எழுதுவார்களாம்! போன மாதம் தபால்காரர் எங்கள் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார். நானும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். "தங்கள் கடை குறித்து ஒருவர் தகவல் கோரியுள்ளார்" என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம், 'எவன்டா அவன், என் கடையைப் பத்திக் கேக்கறவன்?' என்று எனக்கே ரத்தம் கொதித்தது. அப்புறம்தான் நினைவு வந்து உட்கார்ந்தேன்.

அதற்குள் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்துவிட்டார். "அண்ணே, என்னைப் பத்தி எவனோ எழுதிப் போட்டிருக்கான். அடுப்பு முதற்கொண்டு அளவு கேட்டிருக்கானே, நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்று என் தோளைப் பிடித்து அழாத குறை. தையல்காரர், இது தன் தம்பி வேலை என்றார். கண்ணாடிக் கடைக்காரர், புதிதாக வந்த இன்னொரு கண்ணாடிக் கடைக்காரன் வேலை என்றார். சலூன்காரர் யார் வேலை என்றும் சொல்லவில்லை. கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டே, "யாரா வேணா இருக்கட்டும். ஒரு நாள் முடி வெட்ட வந்துதானே ஆகணும்?" என்றார். அன்றிலிருந்து நான் சவரத்துக்குப் போகவில்லை. "என்னங்க இது தாடி, சந்நியாசம் வாங்கப் போறீங்களா?" என்கிறாள் உன் அக்கா.

இவர்களையெல்லாம் சமாளித்துவிடுவேன். மருந்துக்கடை அம்மாதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறவர். சாயங்காலம் தையல் கடையில் கூட்டம் போட்டோம். எல்லோரும் கத்தி ஓய்ந்தபிறகு அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "வெளியாளுக்கு மாடிப்படிக்கு அடியில இருக்கற சாவி ரிப்பேர்க் கடை கண்ணுக்கே தெரியாது. இவன் அதையும் சேர்த்து எண்ணியிருக்கான். ஆள் இந்தத் தெருவுலதான் இருக்கான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரையும்தான் பார்த்தார், என்னைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. உடனே நான் எழுந்து, அந்த அயோக்கியனைச் சும்மா விடக்கூடாது என்று மேசையைத் தட்டினேன். தட்டின தட்டில் நூல்கண்டெல்லாம் உருண்டது. "பாத்தீங்களா, வாளிக்காரருக்குத்தான் ரோஷம் இருக்கு. அவரே தலைமை!" என்று பேக்கரிக்காரர் கைதட்டினார். ஆக, என்னைத் தேடிப் பிடிக்கும் குழுவுக்கு நான் தலைவன் மச்சான்.

எல்லோரும் அனுப்புவதற்கு ஆட்சேபனைக் கடிதம் ஒன்று நானே எழுதிக் கொடுத்தேன். 'தெருவின் அமைதியைக் கெடுக்கும் விஷமி' என்று என்னைப் பற்றி எழுதினேன். "போதாது, 'முதுகெலும்பில்லாதவன்'னு சேருங்க," என்றார் தையல்காரர். சேர்த்தேன். ஆளுக்கொரு நகல் கொண்டுபோனார்கள். என்னுடையதை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் நகராட்சி ஆபீசுக்குப் போய் மனுவையே திரும்ப வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். ஜன்னலில் எனக்கு முன்னால் நின்றது யார்? மருந்துக்கடை அம்மா. கையிலிருந்த கவரைச் சட்டென்று திருப்பிக்கொண்டு, "ஆட்சேபனை குடுக்க வந்தேன். நீங்க?" என்றார். "நானும் அதுக்குத்தாம்மா." "சரி, குடுங்க. நான் நிக்கறேன், சேர்ந்தே போகலாம்." அவர் கண்ணெதிரே வேறு என்ன செய்ய? கடைப் பெயர் மட்டும் இருக்கும் முத்திரையோடு நீட்டினேன். உள்ளே இருந்தவர் ரசீது கொடுத்து, "கவலப்படாதீங்க சார், உங்க கடையைப் பத்தி ஒரு எழுத்து வெளிய போகாது," என்றார். அந்த மனுஷன் அவ்வளவு அன்பாகப் பேசியதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

இப்போது என் முடிவைக் கேட்டுக்கொள். இனி எந்த ஆபீசிலும் எதையும் கேட்கமாட்டேன், மணி என்ன என்றுகூட. அம்பு எத்தனை அடி உள்ளே வருகிறதோ வரட்டும். இடிக்கும் அன்று தெரிந்துகொள்கிறேன். என் மனுவுக்குப் பதில் வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொள். உன் ஆபீசில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடாதே. படித்ததும் கிழித்துவிடு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எதையும் கேட்கத் தேவையில்லாத இடத்துக்கு உயரட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கிழிக்காதே. கவரை ஒட்டப் பசை எடுக்க வீட்டுக்குப் போனால் பதில் வந்து கிடக்கிறது. தடியாக ஒரு கட்டு. நான் எழுதிக் கொடுத்த ஆட்சேபனையை என்னைத் தவிர ஒருத்தரும் அனுப்பவில்லை மச்சான்! இருபத்திரண்டு பேரும், 'ஆட்சேபனை இல்லை, எனக்கும் ஒரு நகல் தரவும்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாவிகள், அவர்களுக்கும் அதே பயம்தானே. பேக்கரிக்கு நாலடி போகிறது. தையல் கடைக்குப் படி மட்டும். மருந்துக்கடைக்கு ஒன்றும் இல்லை. 'பதினான்காம் எண் கடை குறித்த விவரம், அதன் உரிமையாளர் கடுமையாக ஆட்சேபித்திருப்பதால் வழங்க இயலாது' என்று முடித்திருக்கிறார்கள். மேல்முறையீடு செய்யலாமாம், செய்தால் இரண்டு தரப்பையும் நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். நான் எந்த நாற்காலியில் உட்காருவது? ஆகவே நீ இன்றைக்கே உன் பெயரில் ஒரு மனு போடு. பதினான்காம் எண் கடையில் எத்தனை அடி போகிறது என்று ஒரே வரி, வேறு ஒன்றும் வேண்டாம். நோட்டீஸ் எனக்குத்தான் வரும். இந்தத் தடவை ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.