மூன்றடுக்கு வீடும் ஓர் உள்ளங்காலும்

நிலநடுக்கத்தை உள்ளங்காலால் அளப்பவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் டோக்கியோவில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். தரை ஆடியதும் நீங்களும் நானும் மேசைக்கடியில் புகுந்து, தலைமேல் இருக்கை மெத்தையைக் கவிழ்த்துக்கொண்டு, அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், இவர் மட்டும் வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, அறை நடுவில் நின்று, கண்ணை மூடி, "மூணு" என்று ஆட்டத்தின் அளவைச் சொல்வார். தொலைக்காட்சியில் நாலு என்று வந்தால்? அவர்கள் கருவி பழுது.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஹதகேயாமா. அவருடையது மூன்றடுக்கு மரவீடு. இரண்டு சாண் தள்ளி என்னுடையது. அது விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். என் பக்கம்தான்.

போன இலையுதிர்காலத்தில் பெரிய கார் ஒன்று வாங்கினார். கீழ்த்தளத்தில் ஒரு சுவர் குறுக்கே நின்றதால் கார் உள்ளே போகவில்லை. சுவரை எடுத்துவிடலாமென்று கட்டடப் பொறியாளர் இகராஷியை வரவழைத்தார். அழைக்காமலே நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"இந்தச் சுவருக்குள்ள குறுக்குக் கட்டை இருக்கு, சார். வீடு பக்கவாட்டுல ஆடும்போது மேல ரெண்டு தளத்தையும் பிடிச்சு நிறுத்துறது இதுதான். எடுத்தா கீழ வெறும் தூணுதான். அப்படியே படுத்துரும்," என்றார் அந்தப் பெண்.

"அம்மா, நீங்க பொறக்கிறதுக்கு முன்னாடியிருந்தே நான் ஆடிக்கிட்டிருக்கேன். இந்த வீடு எவ்வளவு தாங்கும்னு என் காலுக்குத் தெரியும்."

"காலைக் கேட்டு அனுமதி தரமாட்டாங்க, சார்."

அவர் மனைவி நோபுயே தேநீரை வைத்தார். "மூணாவது தளத்துல படுக்கிறது நான். காருக்கு என்ன, கீழ தூங்கும்," என்றார்.

அப்போது ஆடியது. கோப்பைகள் கிணுகிணுத்தன, விளக்கு ஊசலாடியது. நோபுயே, இகராஷி, நான் மூவரும் மேசைக்கடியில் தலையோடு தலை முட்டிக்கொண்டோம். எட்டிப் பார்த்தேன். அறை நடுவில் யாரும் இல்லை. ஹதகேயாமா அந்தச் சுவரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனைங்க?" என்று மேசைக்கடியிலிருந்தே கேட்டார் நோபுயே.

"ஆறு! ஆறுக்குக் குறையாது!"

தொலைக்காட்சி மூன்று என்றது.

சுவர் இருக்கிறது. கார் தெருக்கோடியில் வாடகை இடத்தில் நிற்கிறது. "அந்தச் சுவர்ல கை வைக்கக் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்," என்கிறார் ஹதகேயாமா, வருவோர் போவோரிடமெல்லாம். சொல்லட்டும். நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். போன முறை ஆடியபோது உங்கள் வாயில் முதலில் வந்தது பெண்டாட்டி பிள்ளைகளின் பெயரா, எண்ணா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அன்று அவர் "ஆறு" என்று அலறுவதற்கு முன்பே மேசைக்கடியில் ஒரு குரல் "நாலு" என்றது. பெண்கள் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.