மருமகன் கட்டிய அரை ஓம் கோயில்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
29.07.2025, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மா சிவமலர் அவர்களுக்கு,

விம்பிள்டன் பிள்ளையாரின் காவலில், என்னுடைய இடது காதையும் வலது முழங்காலையும் விட்டுப் பார்த்தால், நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் நாரிப்பிடிப்பும், சிவப்பிப் பசுவின் மடிவீக்கமும், கிணற்றுத் தண்ணீரின் உப்பும் குறைந்து நீங்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எனக்கு எழுத்து வாசனை இல்லாதது நீங்கள் அறிந்ததே. எங்கள் மேலறையில் வாடகைக்கு இருக்கும் றோஸ்மலர், பாஷையூர்ப் பிள்ளை, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் கொச்சையாகச் சொல்வதைப் புத்தகத் தமிழாக்கிப் போடுகிறாள். அவளையும் மீறி ஏதும் வந்தால் அது என் வாய்க் குற்றம். ஃபோனில் சொல்லாமல் கடிதம் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். இங்கே நான் தும்மினால் அங்கே கோப்பாய்ச் சந்தியில் 'நூறு வயசு' என்கிறார்கள். ஆகவே இதைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியே வாசிக்கவும்.

சம்பந்தியம்மா, உங்கள் மகன் பிரியந்தன் கோயில் கட்டவில்லை. கட்டுகிறார் என்று மாசி மாதம் உங்களுக்குச் சொன்னவன் நான். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் ஐந்து வருடத்துக்கு மேலாக மகனோடு கதைக்காமல் இருந்த நீங்கள் கதைக்கத் தொடங்கினீர்கள். அதே வார்த்தையை நம்பித்தான் ஐப்பசியில் கும்பாபிஷேகம் பார்க்க பிளேன் ரிக்கெற்றும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இப்போது அதை நான் திருப்பி எடுக்கவேண்டியிருக்கிறது. எடுத்தால் மறுபடி மகனோடு கதையை நிற்பாட்டிவிடுவீர்களோ என்ற பயத்தில் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. புட்டு மட்டும் இறங்குகிறது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கு எழுதி வைக்கத் தெரியாது, அதனால் எதுவும் மறப்பதில்லை. இங்கிலிஷ் மாதங்களை நம் ஊர்ப் பெயரில்தான் சொல்வேன், ஒக்டோபர் என்றால் ஐப்பசி. 2019 ஐப்பசி 9, புதன்கிழமை, உங்கள் வீட்டுக்காரர் காலமாகி எட்டாம் நாள், எட்டுச் செலவு. நானும் வந்திருந்தேன், கத்தரிக்காய்க் கறிக்கு உப்புக் கூட. பின்னேரம் நாலு மணிக்குக் கிணற்றடி வாழைக்குள் நின்று பிரியந்தன் சிகரெட் பிடிக்க, நீங்கள் குடத்தோடு வந்து கண்டீர்கள். "நெஞ்சில புகை அடைச்சுச் செத்த மனுசன்ர எட்டிலயே நீ புகைக்கிறியோ? இதை விடுமட்டும் எனக்கும் உனக்கும் கதையில்லை" என்றீர்கள். குடத்தையும் கீழே போட்டீர்கள். பித்தளைக் குடம், வலப்பக்கம் நெளிந்தது.

இனி இந்த வருடம் மாசி 8, சனிக்கிழமை. வீட்டுப் பின்வளவு ஷெட்டுக்குள் மருமகன் கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு ஏதோ நுணுக்கமாகச் செய்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி செய்யிறீர்?"

"கோயில் கட்டுறன், மாமா."

என் காதில் அப்படித்தான் விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எட்டுச் செலவில் சிகரெட் பிடித்த பிள்ளை.

"நீர் தனியவோ?"

"ஓம் மாமா. கடையிலயும் விக்கிறாங்கள், ஒரு பைக்கற்றில அஞ்சு. ஆனா அது ரெண்டு கிழமைக்கு மேல நிக்காது. நாங்களே சுத்தினால்தான் திறம். இதில சுத்துத்தான் முக்கியம்."

"எத்தினை சுத்து?"

"ஏழு. சுத்தி முடிய ஓம் பாக்கவேணும்."

"எத்தினை ஓம்?"

"அரை ஓம்."

"முழு ஓம் வேண்டாமோ?"

"முழு ஓமெண்டால் புகை காணாது, மாமா."

லண்டனில் கிடைக்காதது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பைக்கற்றுக்கு ஐந்து கோயில் என்பது கொஞ்சம் கூடத்தான் என்று நினைத்தேன். அரை ஓம் என்பதும் நெஞ்சைக் குடைந்தது. ஆனாலும் ஷிப்ட் வேலை செய்கிற பிள்ளை, முழு ஓம் சொல்ல நேரமிராது, பிள்ளையார் பொறுப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மகள் லோஜினியிடம், "தம்பி கோயில் அலுவலா ஷெட்டுக்குள்ள நிக்கிறார் போல" என்றேன். "ஓமப்பா, அதுக்குள்ளதான் எந்நேரமும் கிடக்கிறார்" என்றாள். இதற்கு மேல் ஒரு தகப்பன் எதை விசாரிப்பது? ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சொன்னேன். திங்கட்கிழமை, மாசி 10, நீங்கள் மகனுக்கு ஃபோன் எடுத்தீர்கள். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு புல்லில் நாற்பது நிமிடம் நின்றார். உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார், எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கலியாணம் செய்து பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

அன்று தொடங்கி நான் காலையில் ஷெட்டை ஏழு தரம் சுற்றி வந்தேன். மழைக்கும் விடவில்லை. புல் தேய்ந்து ஒரு பாதை விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் அவரும் தன் வளவில் தக்காளிக் கொட்டிலைச் சுற்றத் தொடங்கினார், அவர் ஏன் சுற்றுகிறார் என்று இன்றுவரை தெரியாது. சில நாள் ஷெட் கதவு நீக்கலால் வெள்ளை வெளேரென்று புகை வரும். சாம்பிராணி என்று கும்பிடுவேன். ஒரு கிழமை மாம்பழ மணம், அடுத்த கிழமை அன்னாசி. நைவேத்தியத்தில் குறை வைக்காத பிள்ளை என்று நினைத்தேன். பங்குனி 22, சனிக்கிழமை, "இப்ப டபுள் கோயில் போட்டிருக்கிறன் மாமா, ஒரு தட்டில ரெண்டு" என்றார். வள்ளிக்கு ஒன்று தெய்வானைக்கு ஒன்று என்று விளங்கிக்கொண்டேன். காந்தல் என்று பெயருள்ள கம்பி முடிந்துவிட்டது என்று அவர் சொல்ல, கம்பி என்றது கேளாத இடது காதுப் பக்கமாகப் போய்விட்டது. காந்தல் மட்டும் கேட்டது. பானையை அடிப்பிடிக்க விட்டு, ஒரு கோப்பை சோற்றுக் காந்தல் சுரண்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதையும் மறுக்காமல் நின்று தின்றார்.

வைகாசியில்தான் பயந்துபோனேன். "பழைய கோயில் எரிஞ்சு போச்சு மாமா, கழட்டிக் குப்பைக்குள்ள போட்டிட்டன், புதுசு கட்டுவம்" என்றார், பல்லுத் தீட்டினேன் என்கிற மாதிரி. கோயிலைக் குப்பையில் போட்ட குடும்பம் என்று நாளைக்கு ஆரும் சொன்னால்? கவுன்சில் குப்பை வண்டி வரமுதல் வாளிக்குள் தலையை விட்டுத் தேடினேன். நகக்கண் அளவில் கருகிய கம்பிச் சுருளும் கரிப்பஞ்சும்தான் கிடந்தன. கோயிலில் மிஞ்சியது அவ்வளவுதான் என்று சிவப்புப் பட்டில் பொதிந்து தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். எடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் நடந்தது போன சனிக்கிழமை, ஆடி 26. மருமகன் வேலைக்கு வெளிக்கிட உடுப்பு மாற்றப் போனபோது நான் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மேசையில் கொட்டைப்பாக்களவில் ஒரு தட்டு, அதில் இரண்டு சுருள், சுருளுக்குள் வெறும் பஞ்சு. எண்ணெய் இல்லை, திரியாகத் திரிக்கவுமில்லை. ஐயோ பாவம், இந்தத் தலைமுறைக்குத் திரி போடவும் ஆர் சொல்லிக் கொடுத்தது என்று, விம்பிள்டன் கோயிலில் திரி திரிக்கும் தவநாயகியக்கா தந்த திரியில் இரண்டைக் கோதி உள்ளே செருகி, நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டு, விபூதி தொட்டு வைத்து, வெளியே வந்து வழக்கமான ஏழு சுற்றும் சுற்றினேன். அவர் அவசரத்தில் மூடியைப் போட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு ஓடினார். டிராம் தரிப்பிடத்தில் நின்று ஒரு இழுவை இழுத்தாராம், பிறகு கூட வேலை செய்கிற ஒருவருக்கு ஃபோனில் அவர் சொன்னது என் வலது காதில் விழுந்தது. அந்த இடமெல்லாம் உழுந்துவடை மணம். அங்கே நின்ற ஒரு அம்மா, "தம்பி, இங்க எங்க வடை சுடுகினம்?" என்று கேட்டாவாம். இவருக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. கால் மணித்தியாலம் இருமி, டிராமையும் விட்டு, கண்ணால் தண்ணீர் வடிய வீட்டுக்கு வந்து, என் முன்னால் நின்றார்.

"மாமா."

"என்ன தம்பி?"

"இனி எண்ணெய் விடவேண்டாம். சாமி தாங்காது."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். எனக்குத்தான் குழம்பியது. கோயிலை ஏன் பொக்கற்றில் கொண்டுபோனார், ஏன் வாயில் வைத்தார்? றோஸ்மலரிடம் கேட்டேன். அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, அது கோயில் இல்லை. கொயில், கம்பிச்சுருளுக்கு இங்கிலிஷ். குறில்."

"குறில் எண்டால்?"

"கட்டையாச் சொல்லுறது. எழுதினால் ஒரு சுழிதான் வித்தியாசம்."

அந்தச் சுழி எனக்குத் தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் புல் தேய்ந்திராது. கம்பியைச் சுற்றிச் சுருளாக்கி, உள்ளே பஞ்சைச் செருகி, வாசத் தண்ணியில் ஊறவிட்டு, பற்றரியால் சூடாக்கி, வருகிற ஆவியை இழுக்கிறதாம். ஓம் என்பது கம்பி கரண்ட்டை எவ்வளவு மறிக்கிறது என்று பார்க்கிற அளவாம். சாமிக்கும் அதற்கும் ஒரு ஒட்டும் இல்லையாம். சிகரெட்டை விட நினைக்கிற ஆட்கள் அதற்குப் பதிலாகப் பிடிக்கிற, வேப் என்கிற சாமானாம்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் நான் நின்றேன், சம்பந்தியம்மா. நீங்களும் நில்லுங்கள். என் நினைவைக் கிளறிப் பார்த்தேன். மருமகன் சிகரெட் பிடித்து நான் கடைசியாகக் கண்டது 2024 புரட்டாதி 1, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம், உடுப்புக் கொடிக்குக் கீழே. நீலச் சாரம், கொடியில் என்னுடைய இரண்டு பெனியன். அதற்குப் பிறகு பதினொரு மாதத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே அவர் கோயில் கட்டவில்லை என்பது மெய். புகை இழுக்கிறார் என்பதும் மெய். ஆனால் நீங்கள் கிணற்றடியில் கேட்டது எதுவோ, அதை அவர் ஒருவருக்கும் சொல்லாமல் செய்துபோட்டார். கோயில் என்று சொல்லி உங்களைக் கதைக்க வைத்த பொய் என்னுடையது. கோபம் வந்தால் என்னோடு கதைக்காமல் இருங்கள். ஆறு வருடம் என்றாலும் சரி, பன்னிரண்டு என்றாலும் சரி. எனக்கு எண்பத்திரண்டு வயது, இடது காதும் கேளாது, பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. அவரோடு மட்டும் நிற்பாட்டிவிடாதீர்கள். கும்பாபிஷேகம் இல்லாவிட்டாலும் வாருங்கள். நான் இதெல்லாம் அறிந்துகொண்டது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம், பிள்ளை வெட்கப்படுவார்.

உங்கள் வீட்டு விளக்கு அணையாமலும், சிவப்பி பால் வற்றாமலும், வேலிச் சண்டை கோட்டுக்குப் போகாமலும் எல்லாம்வல்ல பிள்ளையார் காக்க. லோஜினியும் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள், என்னத்துக்கென்று தெரியாமல்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
விஜயரத்தினம்
(பெருவிரல் அடையாளம்)

பின்குறிப்பு: பெருவிரல் மை காயமுதல் உங்கள் ஃபோன் வந்தது. எனக்கு ஒளிக்கத் தெரியாது. சுகம் கேட்கமுதலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "பொறுங்கோ" என்று சொல்லி, வாழ்நாளில் முதல் தடவையாக ஸ்பீக்கரை நிற்பாட்டினீர்கள். "சம்பந்தி, கொயில் எண்டு அவன் அண்டைக்குத் திங்கட்கிழமையே எனக்குச் சொல்லிட்டான். சிகரெட்டை விட்டதையும் சொல்லி அழுதவன். ஆனா நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சொன்ன கையோட மகன் லண்டனில கோயில் கட்டுறானெண்டு ஊர்க்கோயில்ல எனக்கு முதல் மரியாதையாக் காளாஞ்சி தந்திட்டாங்கள். அதை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது? பிறகு நீங்கள் ஷெட்டைச் சுத்துறதை அவன் சொல்ல, மாமாவுக்குச் சொல்லாதை, சுத்தட்டும், முழங்காலுக்கு நல்லது எண்டு அவனுக்கு நான்தான் சொன்னனான்" என்றீர்கள். லோஜினிக்கும் தெரியுமாம். தெரியாமல் இருந்தது எனக்கும் பிள்ளையாருக்கும்தான். ஐப்பசி 19ஆம் திகதி இங்கே ஹரோவில் இருந்து உங்கள் ஊராட்கள் முப்பது பேர் கும்பாபிஷேகத்துக்கு வருவதாகவும், அதற்குள் கோயிலை உண்மையாகவே கட்டி முடிக்கும்படியும் கட்டளையிட்டீர்கள். ஆகவே மேலே எழுதியது முழுதும் ரத்து. முத்திரை ஒட்டியாயிற்று என்பதால் அனுப்புகிறேன். ஷெட்டை இன்றே ஒதுக்கத் தொடங்கிவிட்டோம். மருமகனின் கம்பி, பஞ்சு, பற்றரிப் பெட்டியை வைக்க வேறு இடம் இல்லாதபடியால் வீட்டுச் சாமித்தட்டில் வைத்தேன். விளக்குக் கொளுத்த வந்த லோஜினி அதற்கும் ஒரு பூ வைத்தாள்.