பதினெட்டு புள்ளி நான்கு

விடைமுந்தி என்றோர் இனம் உண்டு. சோதனை தொடங்குவதற்கு முன்பே முடிவைக் கையில் வைத்திருப்பது அதன் பிறவிக் குணம். நாடெங்கும் பரவிக் கிடந்தாலும், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு நடக்கும் ஆய்வகங்களில்தான் அதை முழு வளர்ச்சியில் காணலாம். வெள்ளைக் கோட்டு அணிந்திருக்கும். கையில் பியூரெட் இருக்கும். கண் பக்கத்து மேசையில் இருக்கும்.

தேர்வின் அமைப்பு எளியது. பியூரெட் என்ற நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாகக் கீழே குடுவையில் விட வேண்டும். நிறமற்றுக் கிடக்கும் கரைசல் ஏதோ ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பாகி, அப்படியே நிலைக்கும். அங்கே நிறுத்தி, செலவான அளவை மில்லிலிட்டரில் படித்து எழுத வேண்டும். ஆசிரியர் முன்கூட்டியே செய்து பார்த்துத் தந்த அளவை நெருங்கினால் முழு மதிப்பெண். விலகினால் வெட்டு. நேர்மையான ஏற்பாடு! ஆனால், சரியான அளவு எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பின்னும் ஒருவன் குடுவையைப் பார்த்துக்கொண்டு நிற்பானா?

கருங்குழிக்கு அருகே நெடுஞ்சாலையோரத் தனியார் பள்ளியொன்றின் வேதியியல் ஆசிரியர் சரவணகுமார் இவ்வினத்தின் உயர்ந்த மாதிரி. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே மாமல்லபுரத்தில் கல்பிள்ளையார் வாங்கி, வண்ணத்தாளில் சுற்றி, வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கென்று எடுத்து வைத்து, ஆய்வகத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் செய்து, சாம்பிராணி போட்டு, கடைசியாக மாணவர்களை வரிசையில் நிறுத்தி அறிவியலை ஒரே வாக்கியத்தில் வழங்குவார்.

"பிங்க் வந்தா நிறுத்து. வரலன்னாலும் பதினெட்டு புள்ளி நாலுல நிறுத்து. புரிஞ்சுதா?"

புரியாமல் என்ன?

இந்த ஆண்டு தேர்வு நாள் காலையில் ஒரு சிறு விபத்து. குடுவைகளில் ஊற்றுவதற்காகக் கலந்து வைத்திருந்த கரைசல் கேன் கவிழ்ந்துவிட்டது. ஆய்வக உதவியாளர் வரதன் அவசரமாக வேறொன்று கலந்தார். உப்பு கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

"சார், இன்னொரு தபா ரீடிங் பாத்துடலாமா? கொஞ்சம் ஸ்ட்ராங்கா கீது."

"இன்னா வரதா, பேஜார் பண்ற? எக்ஸாமினர் மேடத்துகிட்ட வேல்யூ குடுத்தாச்சு. கரைசல் மாறுனா வேல்யூ மாறிடுமா?"

மாறும் என்பது அவர் பதினாறு ஆண்டுகளாக நடத்திவரும் பாடம்.

முதல் அணி உள்ளே போனது. எல்லாரும் எழுதினார்கள்: பதினெட்டு புள்ளி நான்கு. ஒருத்தி மட்டும் எழுதவில்லை. புதுப்பட்டினத்திலிருந்து பேருந்தேறி வரும் ரூத், வேளாண் கல்லூரிக் கனவோடு அரை மதிப்பெண்ணையும் சிந்தவிடாமல் படித்தவள், குடுவையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு புள்ளி நான்கில் குடுவை வெறும் தண்ணீர்போல நிறமற்று இருந்தது. இருபத்தொன்று புள்ளி இரண்டில்தான் சிவந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் இருபத்தொன்று புள்ளி இரண்டு.

பக்கத்து மேசை ஹேமந்த் பல்லைக் கடித்தான். "ஏய், லூசா நீ? பதினெட்டு புள்ளி நாலுன்னு எழுதிட்டுப் போயேன். எங்க எல்லாரையும் மாட்டி வுட்றாத."

"நான் பாத்தத எழுதறேன். நீ பாத்தத நீ எழுது."

"நான் எங்க பாத்தேன்?"

இதைவிட நேர்மையான வாக்கியம் அன்று அந்த அறையில் பேசப்படவில்லை.

தேர்வாளர் விஜயகுமாரி தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது, ஒரு தாள் மட்டும் ஊரோடு ஒட்டாமல் நின்றது. ரூத்தை அழைத்தார். ரூத் தன் அளவிலிருந்து அசையவில்லை. "மேடம், நீங்களே ஒருவாட்டி செஞ்சு பாருங்க."

செய்தார். அதில் குறை சொல்ல முடியாது. முறையாகக் கழுவினார், முறையாக அளந்தார், கண்மட்டத்துக்குக் குனிந்து சொட்டுச் சொட்டாக விட்டார். கண் பியூரெட்டின் கோட்டிலேயே இருந்தது. பதினெட்டு புள்ளி நான்கு வந்ததும் திருகை மூடிவிட்டு, முதன்முறையாகக் குடுவையைத் தூக்கிப் பார்த்து, பக்கத்தில் நின்ற சரவணகுமாரிடம் திரும்பினார்.

"லைட்டா பிங்க் கீதுல்ல சார்?"

"நல்லாவே கீது மேடம்."

வரதன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். குடுவைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய தனிம அட்டவணையை அதன் வழியாகவே படிக்கலாம்போல் இருந்தது.

"இன்னும் மூணு மில்லி விடுங்க மேடம்," என்றாள் ரூத்.

"போதும்மா. அளவு வந்துடுச்சு."

அளவீட்டுக்கான மதிப்பெண் முழுவதும் வெட்டுப்பட்டது. ரூத் வாசலுக்கு வந்தாள். அங்கே காத்திருந்த அவள் அம்மா செங்கம்மாள் பெற்ற பாசத்தோடு பையை வாங்கிக்கொண்டு, எடுத்த எடுப்பில் கேட்டது இதுதான்: "மத்த புள்ளைங்கல்லாம் எவ்ளோ எழுதுச்சுங்க?"

என்ன நிறம் வந்தது என்று கேட்க அந்த வளாகத்தில் ஒருவரும் இல்லை.

வாசகரே, நீங்கள் சரவணகுமாரைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். விஜயகுமாரி மேல் கோபமும் வந்திருக்கும். நல்லது. நாளை உங்கள் பிள்ளை தேர்வெழுதிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எது? யோசிக்க வேண்டாம். விடை உங்களிடம் இப்போதே தயாராக இருக்கும்.