மீன்கொத்தி சொன்ன ஞாயிற்றுக்கிழமை

ஒரு திங்கட்கிழமை காலையில், வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு, வீரமணி ஒரு சபதம் எடுத்தான். இனிமேல் தான் எடுத்த படம் ஒன்றைக்கூட அடுத்தவன் நடத்தும் சோசியல் மீடியாவில் போடுவதில்லை. லைக் வேண்டாம், ஹார்ட்டின் வேண்டாம், கைதட்டும் பொம்மையும் வேண்டாம். தன் படம், தன் பெயர், தன் வெப்சைட். நுரை தெறித்ததால் எதிரே இருந்த கண்ணாடிக்குப் பாதிதான் புரிந்தது.

காரணம் ஒரு மீன்கொத்தி. மொரப்பூர்ப் பக்கம் ஒரு ஏரிக்கரையில், நாலு மணி நேரம் சேற்றில் குப்புறப் படுத்து, முதுகில் எறும்புகள் ஊர்வலம் போனபோதும் அசையாமல் கிடந்து அவன் எடுத்த படம். நீலச் சிறகு விரிந்திருக்கும். அலகில் மீன் துள்ளும். கீழே தண்ணீர் முத்து முத்தாகத் தெறிக்கும். அந்தப் பறவை அன்று காலை அவனுடைய செல்போனுக்கே பறந்து வந்திருந்தது. தலைக்கு மேல் ‘இனிய காலை வணக்கம்’. காலடியில் இரண்டு ரோஜா. மூலையில் ஒரு குத்துவிளக்கு. வாலோரம் சின்னதாகத் தன் பெயரைப் போட்டிருந்தான். யாரோ ஒரு புண்ணியவான் அதை அழித்துவிட்டு ‘குரு ஸ்டுடியோ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

அனுப்பியவர் மாமனார் பச்சியப்பன். ஏரியூர் சொந்தங்கள் அறுபத்து மூன்று பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் பார்க்க, கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார். ‘மாப்ள, நீங்களும் இது மாதிரி எடுத்துப் பழகுங்க.’

வீரமணிக்குக் காரிமங்கலம். கடை கிடையாது, முதலாளி கிடையாது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று கூப்பிட்ட வீட்டுக்குப் போய் எடுத்துக் கொடுப்பான். வயிறு நிறைவது அதில். மனசு நிறைவது பறவைகளில். மனைவி எழிலரசிக்குத் தபால் ஆபீசில் வேலை. நாள் முழுக்கத் தேதி முத்திரை குத்துகிறவள். மகள் கனிமொழி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே வீரமணியின் பிரசங்கங்களைக் கேட்க வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

அந்த ஆள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வீரமணி எதிரே நின்று ஆரம்பித்தான். சோசியல் மீடியாவில் படம் போடுவது வாடகை வீட்டில் ஆணி அடிக்கிற மாதிரி என்றான். யார் பார்க்கலாம், எத்தனை பேர் பார்க்கலாம் என்பதை வீட்டுக்காரன்தான் முடிவு செய்வான். யானையையே போட்டாலும் கட்டெறும்பாக நசுக்கித்தான் காட்டுவான். ஒருநாள் காலையில் கதவைப் பூட்டிவிட்டால் பத்து வருஷத்துப் படமும் உள்ளே போச்சு. சொந்த சைட் என்றால் கதையே வேறு. படம் எடுத்த அளவில் அப்படியே நிற்கும். வேண்டும் என்கிறவன் நேராக நம்மிடம் வருவான். நடுவில் தரகர் கிடையாது. எல்லா விவரமும் பத்திரமாக இருக்கும்.

“எல்லா வெவரமும்னா என்னங்க?” என்று கேட்டாள் எழிலரசி.

இருபது வருஷத்தில் அவனுடைய தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. வீரமணி இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றான்.

“படத்துக்குள்ளயே எல்லாம் எழுதியிருக்கும் எழிலு. என்ன கேமரா, என்ன லென்ஸு, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எடம். சோசியல் மீடியாவுல ஏத்துனா அதையெல்லாம் உருவிப்புட்டுத்தான் காட்டுவாங்க. நம்ம சைட்டுல அப்படியே நிக்கும். நாளைக்கு எவனாச்சும் இது என் படம்னு வந்தா, அதான் சாட்சி.”

“நல்லதுதானுங்களே,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.

இந்த இடத்தில் வீரமணிக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த விஷயத்தின் பெயர் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு என்றால் ஏரியூர். மாமனார் வீடு. பச்சியப்பன் தங்கமான மனிதர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு போர்வெல், ஒரே ஒரு கதை. எத்தனையாவது அடியில் பாறை வந்தது, எத்தனையாவது அடியில் ஈரம் வந்தது, எத்தனையாவது அடியில் தண்ணீர் வந்தது என்று அடி அடியாகச் சொல்வார். மொத்தம் எழுநூறு அடி. மாப்பிள்ளை முந்நூறாவது அடியில் கொட்டாவி விட்டால், விட்டுப்போச்சோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் முதல் அடியிலிருந்து தொடங்குவார். வாராவாரம் மாமனாரிடம் இத்தனை அடி வாங்கிய மாப்பிள்ளை தர்மபுரி மாவட்டத்திலேயே வேறு யாரும் இல்லை.

அதனால் பிப்ரவரி பிறந்ததிலிருந்து வீரமணிக்கு ஞாயிறுதோறும் கல்யாண ஆர்டர். இல்லாத மாப்பிள்ளை, இல்லாத பொண்ணு, இல்லாத மண்டபம். வாரம் ஒரு ஜோடியாகச் சேர்த்துவைத்துப் புண்ணியம் தேடிக்கொண்டிருந்தான். காலையில் கேமராவைத் தோளில் மாட்டுவான், வண்டியை முறுக்குவான், நேராக ஏரிக்கரை. எழிலரசி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நீங்க ஆர்டரைப் பாருங்க, நான் மட்டும் ஏரியூருக்குப் போய்ட்டு வரேன் என்று பஸ் ஏறிவிடுவாள். சாயங்காலம் களைத்துத் திரும்புவாள். எழுநூறு அடியையும் அவள் தனியாக வாங்கிக்கொண்டு வருகிறாளே என்று வீரமணிக்கு உள்ளுக்குள் உறுத்தும். எழுந்து போய் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்துக் கொடுப்பான். அதோடு உறுத்தல் சரியாகிவிடும்.

தர்மபுரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஹயாத் பாஷா அவனுடைய பழைய நண்பர். பத்து நாளில் வெப்சைட்டை முடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர், விவரமானவரும்கூட. தேதி, நேரம், மேப் எல்லாவற்றையும் படத்துக்குக் கீழே காட்டட்டுமா, மறைத்துவைக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். மறைக்க நான் என்ன திருடனா என்று வீரமணி நெஞ்சை நிமிர்த்தினான். பாஷா மூன்றாவது தடவை கேட்கவில்லை.

சைட் வேலை செய்தது. அதுதான் வினை. முதல் வாரம் ஒரு காலண்டர்காரர் கூப்பிட்டார். இரண்டாவது வாரம் கிருஷ்ணகிரியில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பிரியதர்ஷினி என்றொரு அம்மாள் பேசினார். உள் அலங்காரம் முழுக்க அவர் பொறுப்பு. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் சுவர் அகலத்துக்குப் பன்னிரண்டு பறவைகள் வேண்டும் என்றார். வாசலில் நுழைந்ததும் மீன்கொத்தி. ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயர். வேறு எங்கேயும் இவ்வளவு பெரிய அளவில் கிடைக்கவில்லை, உங்கள் சைட்டில்தான் சார் இருக்கிறது என்று அவர் சொன்னதை வீரமணி எழிலரசியிடம் மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை அந்தம்மாள் குரலிலேயே சொன்னான்.

வியாழக்கிழமை சாயங்காலம் எழிலரசி வேலையிலிருந்து வந்தாள். கை கால் கழுவினாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய படிவத்தை எடுத்தாள். பின்பக்கம் பேனாவால் ஏதோ வரிசையாக எழுதியிருந்தது.

“மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல உங்க சைட்டைப் பாத்தேனுங்க,” என்றாள்.

வீரமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பாராட்டை நின்றுகொண்டு வாங்குவது மரியாதை இல்லை.

“மீன்கொத்தி நல்லா இருக்குது. மார்ச் ஒம்பது, காலைல பத்து இருவது, மொரப்பூரு.”

“ஆமா,” என்றான் பெருமையாக.

“அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. திருப்பத்தூர்ல ஒரு பாய் வூட்டுக் கல்யாணம்னு போனீங்க. மத்தியானம் பிரியாணி பிரமாதம்னு வந்து சொன்னீங்க. அது நோன்பு மாசமுங்க.”

கேமராவில் கடிகாரம் கொஞ்ச நாளாகவே சரியில்லை என்று வீரமணி சொன்னான். மேப்புமா என்று அவள் கேட்டாள். மேலே சேட்டிலைட்டிலேயே ஏதோ கோளாறு என்று பாஷா சொன்னதாகச் சொன்னான். அவள் படிவத்தைப் பார்த்து நிதானமாக வாசித்தாள். கொக்கு, பிப்ரவரி ரெண்டு. நாமக்கோழி, பிப்ரவரி பதினாறு. நீர்க்காகம், மார்ச் இருபத்து மூன்று. பதினோரு ஞாயிறு. அவன் நடத்திவைத்த பதினோரு கல்யாணத்துக்கும் ஒரு பறவையாவது சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாமே கடிகாரக் கோளாறுதான் என்றான் வீரமணி. ஒரு மணிகூட நம்புவதற்கில்லை, நாளைக்கே பழுது பார்க்கக் கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்யக் கையை நீட்டினான்.

அப்போது போன் அடித்தது. பிரியதர்ஷினி. சத்தியத்துக்கு நீட்டிய கை அந்தரத்தில் நிற்க, எழிலரசியே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

விஷயம் இதுதான். மீன்கொத்தி தன்னுடையது என்று குரு ஸ்டுடியோ குரு என்பவர் ஆஸ்பத்திரிக்கே வந்து நிற்கிறாராம். காலை வணக்கம், ரோஜா, குத்துவிளக்கு சகிதம் காட்டினாராம். எப்போது எடுத்தது என்று கேட்டால் விழிக்கிறாராம்.

“உங்க சைட்ல இருக்கற தேதி, நேரம், எடம் எல்லாம் சரிதானே சார்? கேமராவுல கடிகாரம் ஏதாச்சும் தப்பா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. தப்புன்னா ரெண்டு பேர் படமும் வேண்டாம்னு விட்டுடுவோம்.”

வீரமணி போனைப் பார்த்தான். எழிலரசியைப் பார்த்தான். ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் காரிமங்கலம். நடுவில் நாலு மணி நேரம் சேற்றில் கிடந்த தன் உடம்பு. வாசலில் மீன்கொத்தி, அதன் கீழே குருவின் பெயர் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தான். தாங்கவில்லை.

“சரிதானுங்க மேடம்,” என்றான். “ஒரு நிமிசங்கூட முன்ன பின்ன இல்லீங்க.”

“எல்லாப் படமுமா சார்?”

“எல்லாப் படமுமுங்க.”

ஆர்டர் உங்களுக்குத்தான் சார் என்று சொல்லிவிட்டு அந்தம்மாள் வைத்துவிட்டார். வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர் கிடைத்த மனிதன் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். எழிலரசி கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வரும் ஞாயிறு அப்பா கடலை பறிக்கிறார், ஏரியூர் போகிறோம், கேமரா வேண்டாம் என்றாள். அவ்வளவுதான். தூக்குத் தண்டனைக்குத் தயாராக இருந்தவனை அபராதத்தோடு விட்ட மாதிரி இருந்தது. வீரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனைவி. பதினோரு வாரம் தனியாகப் பஸ் ஏறி, தனியாக எழுநூறு அடி கேட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். இவளுக்குப் போய்ப் பொய் சொன்னோமே.

ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கேட்காமலே அவளுக்கு நாலு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தான். அடுத்த பஸ்ஸில் ஜன்னலோர இடத்தையும் விட்டுக்கொடுத்தான். இனி எந்த ஞாயிறும் அவளைத் தனியாக அனுப்புவதில்லை என்று அந்தப் பஸ்ஸிலேயே இன்னொரு சபதமும் எடுத்தான்.

பச்சியப்பன் கடலைக் கொல்லையில் நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளையைப் பார்த்ததும் மலர்ந்தது கூம்பியது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

“வாங்க மாப்ள. பதினோரு வாரங் கழிச்சு இன்னிக்காச்சும் எம் பொண்ணை எங்கண்ணுல காட்டுனீங்களே.”

வீரமணிக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. விழுந்தது சரிதான். சனிக்கிழமை சனிக்கிழமை பாப்பா, அதாவது எழிலரசி, போன் பண்ணி அழாத குறையாகச் சொல்லுமாம். அவருக்குக் கல்யாண ஆர்டருப்பா, என்னையும் தனியா வர வுட மாட்டேங்கறாரு. பெத்தவன் வீட்டுக்குப் பொண்ணைத் தனியாக அனுப்பக்கூட மனசு வராத மாப்பிள்ளை என்று ஏரியூர் சொந்தம் அறுபத்து மூன்று பேரும் பேசிக்கொள்கிறார்களாம். போனால் போகட்டும், இந்த வருஷம் கடலை பறிக்க ஆரம்பிப்பதே இன்றைக்குத்தான், முதல் செடியை நீங்களே பிடுங்குங்க மாப்ள என்றார்.

முதல் செடி. வாராவாரம் சாயங்காலம் எழிலரசி பையில் கொண்டுவந்து கொட்டிய கடலை வீரமணிக்கு ஞாபகம் வந்தது. அப்பா கொல்லையில் பறித்தது என்பாள். மாமனார் மண்ணுக்கே தனி ருசி என்று அவனும் ஒரு பருப்பு விடாமல் தின்றிருந்தான். எதிரே ஒரு செடிகூடப் பிடுங்காத முழுக் கொல்லையும் வெயிலில் பச்சைப் பசேல் என்று நின்றது.

மாமனார் கூடை எடுக்க அந்தப் பக்கம் போனார். எழிலரசி வரப்பில் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டிருந்தாள். வீரமணி பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அந்தப் பதினோரு ஞாயித்துக்கெழமையும் நீ எங்க போன?”

அவள் ஒரு காயை உடைத்தாள். பருப்பை வாயில் போட்டு, பதமாக இருக்கிறதா என்று மென்று பார்த்தாள்.

“எங்கிட்ட வெப்சைட் இல்லீங்களே,” என்றாள்.