உங்கப்பாவின் காருக்கு எண்பூட்டு போட்ட விவரம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் மகளும் நலம். காரும் நலம், அது நின்ற இடத்திலேயே நிற்பதால்தான் மற்ற எல்லோரும் நலம். நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும்.

போன மாதம் அப்பா காரை நிறுத்தி, படுத்திருக்கிற நாய் எழுந்து போகட்டும் என்று ஹாரன் அடித்துக்கொண்டே காத்திருந்தார். அது சிமெண்டு மூட்டை. அந்த அனுபவத்தில், மறுபடி ஒருநாள் மூட்டைதானே என்று ஒதுக்கிப் போகாமல் நேராக விட்டார். அது எதிர்வீட்டுத் தையல்காரர். குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனுஷன் சாக்கடைக்குள் குதித்து உயிர் தப்பினார். கண்ணில் புரை, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னால், வாழ்நாள் பூராவும் டாக்ஸி ஓட்டினவனுக்கு ரோடு காலுக்கே தெரியும் என்கிறார். சாவியை எங்கே ஒளித்தாலும் அதை மட்டும் அந்தக் கண் கண்டுபிடித்துவிடும்.

அப்போதுதான் உன் மகள், "சாவி அவர்கிட்டயே இருக்கட்டும் பாட்டி. நம்பர் அழுத்தாம ஸ்டார்ட் ஆகாதபடி பண்ணிடறேன்" என்றாள். ரேடியோவைப் பிரித்துப் போட்டாள் என்று நீ அடிக்க ஓடினாயே, அதே பெண்தான். சாப்பாட்டு மேசை முழுக்க ஒயர். அவள் ஈயம் உருக்கி ஒட்டினாள், நான் டார்ச் பிடித்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் பாதி எஞ்சினியர் ஆகிவிட்டேன். முதலில் எண்ணை அழுத்தினால் வைப்பர் ஆடியது. அதைச் சரி செய்தால் சாவியே இல்லாமல் வண்டி உறுமியது. அவள் ஒயரைப் பிடுங்கினாள், நான் டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒருவழியாக ஸ்டியரிங் பக்கத்தில் கால்குலேட்டர் மாதிரி ஒரு சின்னப் பலகை உட்கார்ந்தது. சரியான எண்ணை அழுத்தினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம்தான் சாவிக்கு மரியாதை. தப்பாக அழுத்தினால் ஹாரன் தெருவையே கூட்டும்.

தாத்தாவுக்குச் சுட்டுப் போட்டாலும் ஞாபகம் வராத நம்பர் ஒன்று சொல்லு என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் கல்யாணத் தேதியைக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அந்த நாளில் என் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறாரா? பேங்க் லாக்கர்கூட அவ்வளவு பத்திரம் கிடையாது.

அவரும் விடவில்லை. உன் பிறந்த நாள், உன் தங்கச்சி பிறந்த நாள், கார் வாங்கின தேதி, கடைசியில் டயர் மாத்தின தேதி வரைக்கும் அழுத்திப் பார்த்தார். டயர் மாத்தின தேதி ஞாபகம் இருக்குது பாரு. ஹாரன் அலறும்போதெல்லாம் தையல்காரர் முன்னெச்சரிக்கையாகச் சுவர்மேல் ஏறி நின்றுகொண்டார். நேற்று அப்பா காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "சரி, கண்ணைக் காட்டிடலாம்" என்றார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாம் உன் மகள் கைவேலை. இனிமேல் அவளை அதட்டினால் என்னிடம் வராதே.

கண்ணும் காலும் புத்தியும் கெடாமல் நீங்கள் இருவரும் நூறு வயது காண வேண்டும்.

இப்படிக்கு,
டார்ச் பிடித்த அம்மா

பி.கு.: தபால் ஆபீஸில் கவரை ஒட்டுமுன் இதை எழுதுகிறேன். வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒதுங்கி நிற்கிறேன், நம் கார் வந்து தபால் பெட்டியில் இடித்து நின்றது. அப்பா குடையோடு இறங்கினார். குடையை முதலில் தபால் பெட்டிக்குத்தான் பிடித்தார். நான் சிவப்புச் சேலை. நம்பர் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "என் கல்யாணத் தேதி எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். ஜெயிச்ச சந்தோஷத்துல நின்னே, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்கிறார். காரை இங்கேயே விட்டுவிட்டு ஒரே குடையில் நடந்து போகப் போகிறோம். எண்ணை மாற்றியாக வேண்டும். உங்கப்பா நிஜமாகவே மறந்துபோன தேதி ஏதாவது உனக்குத் தெரிந்தால் உடனே எழுது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.