நாலு டிகிரியில் வந்த புழுக்கள்

ஒன்றும் தெரியாதவன் ஒரு வேலையைக் கெடுத்தால் அதற்குச் சாட்சி இருக்காது. கொஞ்சம் தெரிந்தவன் கெடுத்தால் நேரம், அளவு, ஆதாரம் எல்லாவற்றையும் அவனே தயார் செய்து வைத்திருப்பான். நான் இரண்டாவது வகை. என்னுடைய ஆதாரம் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து ஷெட்டில், லேமினேட் செய்யப்பட்டு, இன்றைக்கும் தொங்குகிறது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். ஓசூருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையின் பேக்ஹவுஸில் வேலை. வெட்டிய பூவை வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். அங்கே எங்களுக்கு இரண்டே வேதம்: பூ குளிர்ச்சியாக இருக்க வேண்டும், பூவில் ஈரம் இருக்கக் கூடாது. சூடு பட்டால் வாடும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். இந்த இரண்டையும் கற்றுக்கொண்டதில் எனக்கு உலகத்தில் எதையும் எங்கேயும் பத்திரமாகக் கொண்டுசேர்க்கத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. (கோல்டு ரூமில் ஆறு மாதம் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.)

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ராயக்கோட்டைப் பக்கம் தோட்டத்தில் தக்காளி, பீன்ஸோடு சேர்த்துத் தேனீயும் வளர்க்கிறவர். அந்த வருடம் அவருடைய பெட்டிகள் எல்லாம் நோஞ்சானாக இருந்தன. ராணிகளுக்கு வயதாகிவிட்டது. புங்கம் பூக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. புது ராணி வளர்ந்து, பறந்து, முட்டையிட ஆரம்பிக்கவும் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இப்போது விட்டால் அந்த வருடத்துத் தேன் போச்சு.

அஞ்செட்டிப் பக்கம் மாதையன் என்று ஒருவரிடம் சாதுவான, நன்றாகத் தேன் கட்டுகிற ஒரு கூட்டம் இருந்தது. அந்த ராணியின் பிள்ளைகள்தான் மச்சானுக்கு வேண்டும். முட்டையிலிருந்து வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத புழுக்களை எடுத்து, மெழுகுக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக வைத்து, ராணி இல்லாத பெட்டிக்குள் விட்டால், அங்கிருக்கும் தேனீக்கள் அவற்றுக்கு ராணிக்குரிய பாலூட்டி ராணியாக வளர்த்துவிடும். அதற்காக மச்சான் தன் நல்ல பெட்டி ஒன்றிலிருந்து ராணியைப் பிரித்துவிட்டார். அதைவிட்டு நகர முடியாது. யாராவது அஞ்செட்டி போய்ப் புழு இருக்கும் தேனடையை அதன் மரச்சட்டத்தோடு எடுத்து வர வேண்டும்.

“நான் போறேன் மச்சான்” என்றேன். கேட்காமலே சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

போனில் அவர் பொறுமையாகத்தான் சொன்னார். “மாப்ள, சூடு குறையக்கூடாது, காயக்கூடாது, குலுங்கக்கூடாது. அவ்ளோதாங்க. கைக்கொழந்த மாதிரி.”

“மச்சான், நான் ஹாலந்துக்கே பூ அனுப்பறவன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்செட்டியில் மாதையன் சட்டத்தை மெதுவாகத் தூக்கி, மேலிருந்த தேனீக்களை இறகால் தள்ளிவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டில் சுற்றிக் கொடுத்தார். “சட்டைக்குள்ள வெச்சு, வயித்தோட அணைச்சுக்கிட்டுப் போங்க சாமி. உங்க ஒடம்புச் சூடே போதும்.”

நான் மரியாதையாகத் தலையாட்டினேன். முதல் வளைவு தாண்டியதும் வண்டியை நிறுத்தினேன்.

ஈரத் துண்டு. வெந்நீர். வயிறு. என் இரண்டு வேதங்களுக்கும் விரோதம். பாவம், மலைக்காட்டு மனிதர், அவருக்கு என்ன தெரியும் என்று நிஜமாகவே இரக்கப்பட்டேன். வண்டியின் பின்னால் கட்டியிருந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஐந்து ஜெல் பாக்கெட்டுகள், நேற்று முழுக்க ஃப்ரீசரில் இருந்தவை. துண்டைப் பிரித்து ஓரமாகப் போட்டேன். அடையைக் காய்ந்த செய்தித்தாளில், ரோஜாக் கட்டைச் சுற்றுவது போலச் சுற்றினேன். நடுவில் ஒரு டேட்டா லாகர் வைத்தேன். வெப்பநிலையை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்து போனில் கோடாகக் காட்டும் சின்னக் கருவி அது. பெட்டியை டேப் போட்டு ஒட்டினேன். தேன்கனிக்கோட்டை வழியாக ராயக்கோட்டை வரும்வரை ஒரு குண்டு குழியில்கூட வண்டியை விடவில்லை. குலுங்கக்கூடாது என்பதை மட்டும் அப்படியே கடைப்பிடித்தேன்.

மச்சான் ஷெட்டில் தயாராக இருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அறை ஈரமாக இருக்க வேண்டும் என்று. கண்ணாடி போட்டு, புழு எடுக்கும் ஊசியைக் கையில் வைத்திருந்தார். நான் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தேன். அந்த வெக்கையான அறையில் பெட்டியிலிருந்து புகை மாதிரி குளிர் எழும்பியது.

அவர் சட்டத்தைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார்.

“என்ன மாப்ள, இப்படி ஜில்லுனு இருக்குது?”

அந்தக் கேள்வியை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். போனை நீட்டினேன். “நாலு டிகிரி மச்சான். வழி நெடுக ஏறவே இல்ல. கோடு பாருங்க, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“நான் என்ன ரோசாப்பூவா கேட்டேன்?” என்றார் கடைசியில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடைக்குள் எட்டிப் பார்த்தேன். நல்ல புழு ஒரு துளிப் பாலில் மினுங்கிக்கொண்டு மிதக்க வேண்டுமாம். இவை அடையின் குழிகளுக்கு அடியில் ஒட்டிக் காய்ந்து கிடந்தன. ஒன்றிரண்டாவது பிழைக்காதா என்று மச்சான் இருபது கிண்ணங்களில் இருபது புழுக்களை வைத்துப் பெட்டிக்குள் இறக்கினார். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் இருபதும் காலி. தேனீக்கள் ஒன்றுவிடாமல் எடுத்து வெளியே போட்டுவிட்டு, கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி சுத்தமாக வைத்திருந்தன. வெட்கமாக இருந்தது. அவருடைய ஒரு வருடத்துத் தேனை நான் ஐந்து ஜெல் பாக்கெட்டில் முடித்திருந்தேன்.

“லீவு சொல்லுங்க மாப்ள. பெட்டி கெடக்கட்டும், இந்தத் தடவ நானும் வரேன்” என்றார் மச்சான். வயிறு சரியில்லை என்று ஆபீசுக்கு மெசேஜ் போட்டேன்.

அஞ்செட்டியில் மாதையனிடம் மச்சான் நடந்ததை ஒரே வரியில் சொன்னார். “நேத்து போன புழுவெல்லாம் குளிர்ல செத்துப் போச்சுங்க.”

மாதையன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “குளிரா? இந்த வெயில்லயா?”

இரண்டாவது அடையும் அதே வெந்நீர்த் துண்டில் வந்தது. இந்த முறை மச்சான் வண்டி ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து, சட்டைக்குள் சட்டத்தை வைத்து, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். மூக்கு அரித்தாலும் கையை எடுக்க அனுமதி இல்லை. தேன்கனிக்கோட்டையில் கூட்டத்தில் வண்டி நின்றபோது பக்கத்தில் எங்கள் கம்பெனி வேன் வந்து நின்றது. ஜன்னலோரம் என் சூப்பர்வைசர்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்து, வேர்த்து வழிய நான்.

“பாவம்யா, நெஜமாவே முடியலையா?” என்றார். “என்னாச்சு?”

பதற்றத்தில் உண்மை வந்துவிட்டது. “புழு சார்.”

“அய்யய்யோ. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க, வேலைய நாங்க பாத்துக்கறோம்” என்றார். மச்சானின் முதுகு குலுங்கியது. குலுங்கக்கூடாது என்று அவரே சொன்னதை நினைவுபடுத்தினேன்.

அந்த முறை இருபதில் பதினான்கு கிண்ணங்களைத் தேனீக்கள் ஏற்றுக்கொண்டன. புங்கம் பூத்தபோது பெட்டிகளில் புது ராணிகள் இருந்தன. மச்சான் முதல் தேனை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். கூடவே நாலு டிகிரிக் கோட்டை என்னிடம் கேட்டு வாங்கிப் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, ஷெட்டில் மாட்டினார். வருகிறவர்கள் கேட்டால், “எங்க மாப்ள போட்ட கோடுங்க” என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். கேட்கிறவர்கள் என்னைப் பெரிய இன்ஜினியர் என்று நினைத்துப் போவதும் உண்டு.

மறு வருடம் ஓசூர் ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். நான் கையை நீட்டினேன்.

“சிஸ்டர், ஒரு நிமிசம்” என்றார் மச்சான். “அவரு கையில குடுக்கறதுக்கு முன்னாடி, பின்னால தெர்மாகோல் பெட்டி ஏதாச்சும் வெச்சிருக்காரான்னு பாத்துக்கங்க.”

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் என் பின்னால் எட்டிப் பார்த்தார். படுக்கையில் என் மனைவி தையல் வலியோடு சிரித்து, “அண்ணா, சிரிக்க வெக்காத, வலிக்குது” என்று அழுதாள்.

நான் மகளை வாங்கி, சட்டையோடு சேர்த்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வார்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதை முதலில் அணைக்கச் சொன்னேன்.